மலையில் பிள்ளைகள், ஊரில் நான்: தூரத்திலிருந்து கணக்கு நடத்துகிறவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

ஓய்வுபெற்ற சாக்பீஸ் | ஜூலை 7, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். 31 வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்திவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருக்கக் கை வரவில்லை. கல்வராயன் மலையில் ஒரு சிற்றூர். அங்கே 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேர் சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் கூடுகிறார்கள். கள்ளக்குறிச்சியில் என் வீட்டிலிருந்தபடி வாரம் மூன்று நாள் கூகுள் மீட்டில் அவர்களுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஊரிலேயே பி.எஸ்சி. முடித்த ஒரு பெண் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள். பிளஸ் டூ படித்தபோது அவளுக்கு அரசு கொடுத்த லேப்டாப், யாரோ கொடுத்த பழைய டிவி, ஜன்னல் கம்பியில் துணியால் கட்டித் தொங்கவிட்ட போனின் ஹாட்ஸ்பாட். இவ்வளவுதான் எங்கள் 'ஸ்மார்ட் கிளாஸ்'.

ஒரு மாதம் ஆகிறது. ஒன்றும் சரியாக வரவில்லை. "புரிஞ்சுதா?" என்றால் 22 பேரும் "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸ் பாடுகிறார்கள். போன வாரம் நோட்டுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயருக்கு 15 பேர் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு வகுப்பு முழுக்க அதைத்தான் நடத்தியிருந்தேன்!

பள்ளியில் கரும்பலகை பக்கம் திரும்பி நின்றாலும் எந்தப் பெஞ்சில் குழப்பம் என்று எனக்கு முதுகிலேயே தெரியும். இங்கே திரையில் தெரிவது முன்வரிசை நாலு தலையும் ஒரு மின்விசிறியும். குரல் வேறு விட்டுவிட்டு வருகிறதாம். கொரோனா காலத்தில் எப்படியோ சமாளித்த ஆசிரியர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள். என்ன செய்தீர்கள்?

விழுப்புரம் பையன் | ஜூலை 7, இரவு 9.58

ஜூம் போட்டுப் பாருங்க மேடம். அதுல ஒயிட்போர்டு இருக்கு.

ஓய்வுபெற்ற சாக்பீஸ் | ஜூலை 7, இரவு 10.05

போட்டேன் தம்பி. இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கதவைச் சாத்திவிடுகிறது. மீட்டில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அந்த ஒயிட்போர்டில் மவுஸை வைத்து நான் எழுதிய வர்க்கமூலக் குறி செத்த பல்லி மாதிரி இருந்தது.

கம்பியில்லாத் தந்தி | ஜூலை 8, காலை 7.15

அம்மா, நான் ஆசிரியர் இல்லை, நெட்வொர்க் வேலை பார்ப்பவன். உங்கள் அமைப்பில் ஒன்று தலைகீழாக இருக்கிறது. ஒரே ஹாட்ஸ்பாட்டில் உங்கள் முகம், உங்கள் திரை, உங்கள் குரல் மூன்றையும் மலைக்கு ஏற்றுகிறீர்கள். இருக்கிற கொஞ்ச நெட்டும் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. பிள்ளைகள் உங்களைப் பார்க்கிறார்கள், நீங்கள் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. இதைத் திருப்பிப் போடுங்கள்.

முதலில் குரல். படம் உறைந்து நின்றால் பிள்ளைகள் காத்திருப்பார்கள். குரல் அறுந்தால் பேச ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் அடக்க முடியாது. அதனால் குரலை நெட்டில் அனுப்பாதீர்கள். அந்தப் பெண்ணிடம் ஒரு சாதா பட்டன் போன் இருந்தால் அதற்கு நேராகக் கால் போடுங்கள். பேசுவதற்கு 2ஜி சிக்னல் போதும். ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு ஆக்ஸ் ஒயரை ஸ்பீக்கருக்கு இழுத்தால் கூடம் முழுக்கக் கேட்கும். ஒயரைச் செருகிய பிறகு பட்டன் போனின் மைக் வேலை செய்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். சில போனில் அது அடைத்துக்கொள்ளும். மீட்டில் இரண்டு பக்கமும் மைக்கை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எதிரொலி மண்டையைப் பிளக்கும்.

அடுத்தது படம். நீங்கள் காட்டப்போவதை முன்னாலேயே எழுதி, பக்க எண் போட்டு, பிடிஎஃப் ஆக்கி, மதியமே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நெட் கிடைக்கிற இடத்தில் அந்தப் பெண் இறக்கி வைத்துக்கொள்ளட்டும். வகுப்பில் லேப்டாப்பும் டிவியும் நெட்டே இல்லாமல் ஓடும். நீங்கள் போனில் "மூணாம் பக்கம் போடும்மா" என்றால் போதும்.

இப்போது மிச்சமிருக்கிற டேட்டா முழுவதும் பிள்ளைகளின் பக்கத்துக்கு. ஜன்னலில் தொங்குகிற போனை அவிழ்த்து, டிவிக்கு மேலே பிள்ளைகளைப் பார்த்த மாதிரி வையுங்கள். அது மட்டும் மீட்டில் சேரட்டும். உங்கள் கேமராவை அணைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, தப்பாக நினைக்காதீர்கள்.

ஐந்தாம் பீரியட் | ஜூலை 8, மாலை 5.30

மேலே தந்தி சார் சொன்ன கடைசிப் பத்திதான் சரி. அதோடு நான் சேர்க்க வேண்டியது ஒரே பொருள்: சிலேட்டு.

நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியர். எங்கள் பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. 19 மாதம். என் வகுப்பில் 34 பிள்ளைகள், ஸ்மார்ட்போன் இருந்த வீடு 11. அந்த 11-லும் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும். முதல் இரண்டு மாதம் நான் காலை பத்து மணிக்கு மீட் லிங்க் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவன் எங்கள் பள்ளியே இல்லை. கல்வித் தொலைக்காட்சியில் நம் பாடம் வருகிற நேரத்தைக் குழுவில் போடுவேன். கேபிள் இருந்த பிள்ளை பார்த்தது, அந்த நேரத்தில் கரண்ட் போனால் பாடமும் போச்சு.

கடைசியில் நேரலையை விட்டுவிட்டேன். இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத குரல் பதிவு, ஒரு படம், ஒரு கேள்வி. ராத்திரி எட்டரைக்கு அனுப்புவேன், பத்து மணிக்குள் விடை வரும். ஒரு பதிவில் ஒரு விஷயம்தான். "அப்புறம் இன்னொன்னு" என்று நீட்டினால் அந்த இன்னொன்றை யாரும் கேட்பதில்லை.

உங்கள் நிலைமை எங்களுடையதை விட நல்லது. பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்கள், கூட ஒரு அக்காவும் இருக்கிறாள். ஆளுக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுங்கள். கேள்வி கேட்டதும் எல்லோரும் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, தூக்கு" என்றால் 22 சிலேட்டும் மேலே வர வேண்டும். கவிழ்த்து வைக்கும் படி மிக முக்கியம். அதை விட்டால் பக்கத்துச் சிலேட்டின் விடைதான் உங்களுக்கு வரும். பென்சிலில் நோட்டில் எழுதியது கேமராவில் தெரியாது. கறுப்புச் சிலேட்டில் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதினால் மட்டமான கேமராவிலும் தெரியும். அப்படியும் மங்கினால் வரிசை வரிசையாகத் தூக்கச் சொல்லுங்கள்.

கேள்வியைப் பொறுக்குவதில்தான் நம் வேலை இருக்கிறது. ஒவ்வொரு தப்பு விடையும் ஒவ்வொரு கதை சொல்ல வேண்டும். 3 பிளஸ் 4 ஹோல் ஸ்கொயர் என்ன என்று கேளுங்கள். 49 வந்தால் சரி. 25 வந்தால் தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டியிருக்கிறான். 14 வந்தால் அவனுக்கு வர்க்கம் என்றாலே இரண்டால் பெருக்குவது. மூன்று பேருக்கும் மூன்று வேறு மருந்து. "புரிஞ்சுதா" என்று கேட்டால் மூவரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்.

மணியடிச்சாச்சு | ஜூலை 8, இரவு 8.10

எல்லாம் சரி. ஒரு சந்தேகம். அந்தப் பிள்ளைகள் பகலில் போகிற பள்ளியில் கணக்கு ஆசிரியர் இல்லையா? இருந்தால் நீங்கள் எதற்கு? இல்லை என்றால் ஆளைப் போடச் சொல்லிக் கேட்காமல் ஆக்ஸ் ஒயர், சிலேட்டு என்று ஒப்பேற்றுவது யாருக்கு வசதி? நாளைக்கு "அதான் ஆன்லைனில் நடக்கிறதே" என்று அந்தப் பணியிடத்தையே மறந்துவிடுவார்கள். கோபத்தில் சொல்லவில்லை. இருபது வருடமாக இப்படித்தான் பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற சாக்பீஸ் | ஜூலை 8, இரவு 9.20

இடம் காலிதான் ஐயா. பெற்றோர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள், அதை எழுதிக் கொடுத்ததே நான்தான். நீங்கள் சொல்லும் பயம் எனக்கும் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மார்ச்சில் பரீட்சை. ஆள் வருகிற வரை அவர்களைச் சும்மா உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. வந்த மறுநாள் என் கடையைக் கட்டிவிடுவேன்.

மணியடிச்சாச்சு | ஜூலை 8, இரவு 9.31

சரி, மனு போயிருக்கிறது என்றால் வாபஸ். ஆனால் வாரம் ஒரு தடவை அதை நினைவூட்டுங்கள். அதுவும் பாடத்திட்டத்தில் சேர்த்திதான்.

பசறைக்காரி | ஜூலை 9, காலை 6.50

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். பதுளை மாவட்டத்தில் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். எங்களுக்கு 2020 முதல் 2022 வரை ஒன்று முடிய ஒன்று. முதலில் கொரோனா. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர், அதிபர்கள் (உங்கள் ஊரில் தலைமை ஆசிரியர்கள்) இணையவழிக் கற்பித்தலில் இருந்து விலகிக்கொண்டோம். பிறகு 2022-இல் பொருளாதாரம் விழுந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கடதாசித் தட்டுப்பாட்டில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். ஜூலையில் பெற்றோல் இல்லாமல் பாடசாலை மூடினது. 2021-ஆம் ஆண்டுக்குரிய ஓ/எல் (சாதாரண தர) பரீட்சை 2022 மே மாதம்தான் நடந்தது. இந்த நிலைமையில் சூம் வகுப்பைப் பற்றி யோசிக்கவும் முடியாது.

நாங்கள் செய்தது இதுதான். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கிட்ட உள்ள கடையில் கேள்வித்தாள் ஒன்றே ஒன்றை ஒட்டிவிடுவேன். பிள்ளைகள் வந்து கொப்பியில் பார்த்து எழுதிக்கொள்வார்கள். கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மாமார் வெள்ளிக்கிழமை சாமான் வாங்க வரும்போது கொப்பிகளைக் கடையில் வைத்துவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை நான் எடுத்துத் திருத்துவேன். திருத்தம் எழுத எனக்கு நேரம் போதாது. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வட்ஸ்அப்பில் அரை நிமிடக் குரல் அனுப்புவேன். "மகள், மூன்றாம் கணக்கில் அடைப்பை விரித்தது சரி, குறியை மட்டும் மறந்துபோனீர்" என்ற மாதிரி. அந்த வீட்டில் போன் இல்லையென்றால் பக்கத்து லயத்துப் போனுக்கு.

பெயர் சொல்லி அனுப்பினதும் பிள்ளைகள் மாறினதைக் கண்ணால் பார்த்தேன். குழுவில் பொதுவாகப் போட்டதை ஒருவரும் கேட்கவில்லை. தங்கள் பெயர் வருகிற பதிவைத் தாய் தகப்பனுக்கும் போட்டுக் காட்டினார்கள். டீச்சர், உங்களிடம் 22 பேர்தானே. வாரத்துக்கு ஏழு பேர் என்று முறை வையுங்கள். மூன்று வாரத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒருதரம் போய்விடும்.

லேப் சாவி | ஜூலை 9, மதியம் 1.05

சுருக்கமாக, நெட் இல்லாமல் ஓடுகிற சரக்கு மட்டும்:

ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளை லேப்டாப்பில் ஒருமுறை நிறுவிவிட்டால் அப்புறம் நெட் வேண்டாம். வடிவியல், வரைபடம் இரண்டுக்கும் அதை விட்டால் ஆள் இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்களை (திரையில் நகர்த்திப் பார்க்கும் செயல்விளக்கங்கள்) ஒவ்வொன்றாகக் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டு பிரவுசரில் திறக்கலாம், சிலது தமிழிலேயே இருக்கிறது. நம் பாடநூலில் இருக்கும் க்யூஆர் கோட் பாடங்களை தீக்‌ஷா செயலியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். தமிழக அரசின் மணற்கேணி செயலியிலும் பாடவாரியாகத் தமிழ் வீடியோக்கள் இருக்கின்றன.

ஆனால் ஒன்று. வீடியோவைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள் (நான் போயிருக்கிறேன்). மூன்று நிமிடத்தில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று கேட்டுச் சிலேட்டில் எழுதச் சொல்லிவிட்டு, அப்புறம் ஓடவிடுங்கள்.

கூகுள் ஃபார்மில் தேர்வு வைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தமிழில் குறுவிடை எழுதச் சொன்னால் ஒரு கால், ஒரு புள்ளி மாறினாலும் தப்பு என்று போட்டுவிடும். எண் விடை அல்லது நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்குப் போட்டார் என்று எல்லோருக்கும் தெரியும், முதல் மாணவி போட்டதற்கே மொத்த வகுப்பும் போடும்.

2021 ஆல் பாஸ் | ஜூலை 10, இரவு 11.45

ஆசிரியர்களே பேசுகிற இழையில் ஒரு மாணவனாகச் சொல்லலாமா? 2021-இல் நான் பத்தாவது. ஜனவரியில் பள்ளி திறந்தார்கள், பிப்ரவரி 25 அன்று ஆல் பாஸ் என்று அறிவித்தார்கள். அன்றைக்கு ராத்திரி பட்டாசு வெடித்தோம். மறுநாளிலிருந்து ஒருத்தனும் புத்தகத்தைத் தொடவில்லை. அதற்கு முன்னால் ஆன்லைன் வகுப்பில் நான் போனை ஆன் செய்துவிட்டுத் தூங்கியது தனிக்கதை.

கணக்கு சார் மட்டும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவார். நாலு நிமிடம்கூட இருக்காது. "எத்தனை கணக்கு போட்டே" என்று கேட்கமாட்டார். "எந்தக் கணக்குல நின்னே?" என்று கேட்பார். எதிலுமே நிற்கவில்லை என்றால் போடவே இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்கிலாவது நின்று வைப்பேன். இப்போது பி.இ. மூன்றாம் வருடம். கணக்கில் அரியர் இல்லை.

கம்பியில்லாத் தந்தி | ஜூலை 11, காலை 7.00

தம்பி, பட்டன் போனில் செய்கிற கல்வித் தொழில்நுட்பத்தில் இதை விட உயர்ந்தது இல்லை.

அம்மா, ஒன்று சொல்ல மறந்தேன். பிள்ளைகள் குழுவில் பெரும்பாலும் வீட்டு எண்கள்தான் இருக்கும். அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று வையுங்கள், அந்தப் பெண்ணையும் ஒரு அட்மின் ஆக்குங்கள். கேள்வி கேட்கிற பிள்ளை தனியாக உங்களுக்கு அனுப்பட்டும். பெண் பிள்ளைகளின் எண் ஊரெல்லாம் சுற்றினால், படிக்க அனுப்புவதையே வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற சாக்பீஸ் | ஜூலை 30, இரவு 10.15

மூன்று வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். நடந்ததை எழுதாமல் விட்டால் உங்களுக்குக் கடன்பட்ட மாதிரி இருக்கும்.

பட்டன் போன் ஏற்பாடு முதல் நாள் சொதப்பியது. ஒயரைச் செருகியதும் மைக் அடைத்துக்கொண்டது, தந்தி தம்பி சொன்னபடியே. நான் பேசுவது அங்கே கேட்கிறது, அங்கே பேசுவது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அது நல்லதாகப் போய்விட்டது! கோரஸே இல்லை. "புரிஞ்சுது டீச்சர்" எனக்குக் கேட்காது என்று தெரிந்ததும், சொல்வதையே விட்டுவிட்டார்கள். சிலேட்டைத்தான் தூக்கியாக வேண்டும். அப்படியே வைத்துக்கொண்டோம். அவசரம் என்றால் அந்தப் பெண் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பேசுவாள்.

வாயால் சொல்லிக் காட்டினால் போதாத இடத்துக்கு வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தேன். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து, மேலே மர ஸ்கேல் இரண்டு, அதன் மேல் என் போன் கீழே பார்த்தபடி. அடியில் வெள்ளைத்தாள், கையில் தடித்த ஸ்கெட்ச் பேனா. வலது கைக்காரி என்பதால் விளக்கை இடது பக்கம் வைத்தேன், நிழல் எழுத்தின் மேல் விழவில்லை. டம்ளர் உயரம் பத்தாமல் பிறகு செம்புக்கு மாறினேன். போட்டுக் காட்டுவதை நேரலையில் செய்வதில்லை. மத்தியானமே மூன்று நிமிடப் பதிவாக எடுத்து அனுப்பிவிடுகிறேன்.

இனி அந்த ஹோல் ஸ்கொயர். ஏ பிளஸ் 3 ஹோல் ஸ்கொயர் என்று கேட்டேன். ஏ ஸ்கொயர் பிளஸ் 9 என்று 13 சிலேட்டு. "ஏ-க்கு 1 போடு" என்றேன். அடைப்புக்குள் 4, அதன் வர்க்கம் 16. அவர்கள் எழுதியதில் 1 பிளஸ் 9, 10. "மிச்சம் 6 எங்கே போச்சு?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நெட் தாமதம் வேறு, அந்த மௌனம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது. பள்ளியில் இருந்திருந்தால் பத்து விநாடியில் நானே விடையைச் சொல்லியிருப்பேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண் எதுவும் பேசாமல் சாக்பீஸை எடுத்துக் கூடத்துத் தரையில் நாலுக்கு நாலு என்று 16 கட்டம் போட்டாள். ஒரு மூலையில் ஒரு கட்டம், எதிர் மூலையில் மூன்றுக்கு மூன்று. அவற்றுக்குள் கோடு கோடாக நிரப்பினாள். போன் கேமராவில் எனக்குத் தரை தெரியவில்லை, பிள்ளைகளின் தலைகள்தான் தெரிந்தன. எல்லாம் எழுந்து குனிந்து நின்றன. பிறகு ஒரு பையன், இது வரை சிலேட்டில் எதையும் சரியாக எழுதாதவன், நிரப்பாத பட்டையில் இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலும் வைத்து நின்றுகொண்டு கேமராவைப் பார்த்துக் கையால் காட்டினான்: மூன்று விரல், மறுபடி மூன்று விரல்.

பசறை டீச்சர் சொன்ன குரல் பதிவு முறையையும் ஆரம்பித்துவிட்டேன். முதல் பதிவு அவனுக்குத்தான் போனது. அவர்கள் வீட்டில் போன் இல்லை, மாமா போனுக்கு அனுப்பினேன். மாமா திருப்பி அழைத்து, "பையன் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டானா டீச்சர்?" என்று பதறினார்.

சரியாக வராததும் உண்டு. மரவள்ளி பிடுங்க ஆள் வேண்டும் என்று இந்த வாரம் ஆறு பேர் வரவில்லை. அவர்களுக்குப் பிடிஎஃப் அனுப்பி என்ன பயன்? மழை பெய்தால் ஸ்பீக்கர் சத்தம் தகரக் கூரையில் அடிபட்டுப் போகிறது. அன்றைக்குப் பாடம் இல்லை, எழுத்து வேலைதான். ஃபெட் சிமுலேஷன் அந்த லேப்டாப்பில் திணறுகிறது.

மணியடிச்சாச்சு ஐயாவுக்கு: மனுவின் நகலை இரண்டு தடவை நினைவூட்டலாக அனுப்பிவிட்டோம். இன்னும் ஆள் வரவில்லை.

அடுத்தது முக்கோணவியல். சைன், காஸைத் தரையில் கட்டம் போட்டுக் காட்ட முடியாது. தண்ணீர்த் தொட்டியின் நிழலை அளக்கச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். வகுப்போ சாயங்காலம், வெயில் போய்விடும். ஞாயிறு காலை அந்தப் பெண்ணை வைத்து அளவெடுத்து, எண்களை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா?

ஐந்தாம் பீரியட் | ஜூலை 30, இரவு 10.52

செய்திருக்கிறேன். தொட்டியோடு கூடவே ஒரு மீட்டர் குச்சியை நட்டு, இரண்டு நிழலையும் ஒரே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, பத்து மணிக்கு ஒருமுறை. தொட்டி வளரவில்லை, நிழல் ஏன் மாறியது என்று ஒருவன் கேட்பான். அவன் கேட்கிற வரை நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள்.